அவருடைய குளிசை, என்னுடைய இரத்தம்

என் கணவருக்கு இரண்டு தொழில். கிழமை நாட்களில், இங்கே சுவிஸில் ரைன் அருவி பார்க்க வரும் சுற்றுலாக்காரருக்கு ஓர் உணவகக் குசினியில் உருளைக்கிழங்கு துருவிப் பொரிப்பார். சனி ஞாயிறுகளில் மைக் பிடிப்பார். ஷாஃப்ஹவுசனிலிருந்து லோசான் வரைக்கும் தமிழ்க் கல்யாணமோ பிறந்தநாளோ எதுவானாலும் அறிவிப்பாளர் அவர்தான். "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் பாசத்திற்கும் உரிய உறவுகளே" என்று அவர் தொடங்கினால் மண்டபத்தில் இருப்பவர்கள் கதிரையைச் சரிசெய்து சாய்ந்து கொள்வார்கள். சோறு வரச் சுணங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டிலும் இதே குரல்தான். உப்புப் போத்தலை எடுத்துத் தரச் சொல்லவே ஒரு முன்னுரை வைப்பார்.

அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசை. எங்கள் ஒரே மகளின் கல்யாணத்தைத் தானே அறிவிக்க வேண்டும். அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அதற்கு வசனம் சேர்த்துக்கொண்டு வந்தார். மகளோ இங்கேயே பிறந்து வளர்ந்து, கிண்டர்கார்டனில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அவள் பேச்சு வெட்டொன்று துண்டு இரண்டு.

"அப்பா, நீங்கள் பொம்பிளையின்ர அப்பா. வாசல்ல நிண்டு ஆக்களை வரவேற்கவேணும். மைக்கை என்ர சிநேகிதி பிடிப்பாள். டொச்சிலயும் சொல்லுவாள், தமிழிலயும் சொல்லுவாள், கெதியாயும் சொல்லுவாள்."

விரைவாகச் சொல்வாள் என்கிற அந்தக் 'கெதியாய்' அவரைச் சுட்டுவிட்டது. சில நாள் உப்புப் போத்தல்கூடக் கேட்காமல் சாப்பிட்டார். கல்யாணம் ஆனி மாதக் கடைசியில் என்று நாள் வைத்திருந்தோம். அதற்குள் அவளை எப்படியும் மசிய வைத்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் இந்த நாட்டுக் காடெல்லாம் பூண்டு வாசம் அடிக்கும். பேர்லவ்க் என்கிற காட்டுப் பூண்டிலை முளைக்கிற காலம் அது. சுவிஸ்காரர் அதை அரைத்து ரொட்டியில் பூசுவார்கள். எங்கள் சனம் சின்னதாக அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கும். வறை என்றால் என் மனுஷனுக்கு உயிர். அதைப் பிடுங்கப் போன ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டிருந்தது அரைக்காற்சட்டையும் ரப்பர் செருப்பும். காட்டு வாசலில் உண்ணியின் படம் கீறிப் பெரிய பலகை நட்டிருக்கிறார்கள். கால் மூடிய உடுப்புப் போடுங்கோ என்று நான் வீட்டிலேயே கத்தினேன்.

"உண்ணி மாட்டுக்கு வாறது. நான் என்ன மாடோ?"

"மாடெண்டால் சொன்னால் கேக்கும்" என்றேன்.

அன்று பின்னேரம் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததாம். நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு வந்து இரண்டு தரம் வறை போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு கிழமை போன பிறகு அந்த இடத்தில் ஒரு வட்டம் வந்தது. ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் படங்களில் வெள்ளைத் தோலில் சிவப்பு வளையம் பளிச்சென்று தெரியும். எங்கள் தோலில் அது பளிச்சிடுமோ? மங்கலாக, கத்தரிப்பூப் படர்ந்த மண்ணிறத்தில் கிடந்தது. "படர்தாமரை" என்று அவரே தீர்ப்புச் சொல்லி, ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பூச்சு மருந்தைப் பூசினார். வட்டம் அதற்கு நன்றி சொல்வது போல இன்னும் விரிந்தது. உள்ளங்கை அளவுக்கு வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையில் பிடித்து இழுக்காத குறையாக டொக்டரிடம் கொண்டுபோனேன்.

எங்கள் குடும்ப டொக்டர் உயரமான ஒரு சுவிஸ் அம்மா. அளந்துதான் கதைப்பார். வளையத்தைப் பார்த்தார், காட்டுக்குப் போனீர்களா என்று கேட்டார், உடனே குளிசை எழுதத் தொடங்கினார். என் மனுஷன் சட்டைக் கையை மடித்துக் கையை மேசையில் நீட்டியபடி இருந்தார்.

"கையை ஏன் நீட்டுகிறீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"இரத்தம் எடுக்க" என்றார் இவர்.

"தேவையில்லை. இது லைம் நோய்தான், நாங்கள் பொரெலியோஸ் என்போம். இந்த வளையமே போதுமான சாட்சி. இரத்தத்தில் நாங்கள் தேடுவது கிருமியை அல்ல, கிருமியை எதிர்க்க உங்கள் உடம்பு செய்யும் பொருளை. அதைச் செய்து முடிக்க உடம்புக்குச் சில கிழமைகள் பிடிக்கும். இன்றைக்குப் பார்த்தால் அனேகமாக ஒன்றுமில்லை என்றுதான் வரும். நீங்களும் ஒன்றுமில்லை என்று நம்பிவிடுவீர்கள். குளிசையை முழுதாக முடியுங்கள்."

பிறபொருளெதிரி என்று உயர்தர வகுப்பில் பாடமாக்கிய சொல் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பாடமாக்கியதோடு சரி, அது என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது விளங்கியது. என் மனுஷனுக்கு விளங்கியது வேறு. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததுமே தொடங்கினார்.

"ரத்தம் எடுக்காத டொக்டரும் ஒரு டொக்டரோ?"

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு மதம். ஊசி குத்தி, குழாயில் எடுத்து, பேப்பரில் நம்பர் வந்தால்தான் வைத்தியம். கண்ணால் பார்த்துச் சொன்னால் அது கதை. ஒருவரை ஒருவர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதில்லை, கொலஸ்ட்ரோல் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் பிறந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் பொறுப்பாரோ? வீட்டுக்கு வந்து முதற் குளிசையை விழுங்கிய கையோடு தமக்கைக்கு அழைப்பு எடுத்தார். என் மச்சாள் லோசானில் புடவைக் கடை வைத்திருக்கிறா. அங்கே சேலை வாங்கப் போகிறவர்களுக்கு வைத்தியமும் சேர்த்துக் கிடைக்கும்.

"டேய் தம்பி, கண்ணால பாத்துச் சொல்லுறதுக்கு அவ என்ன சாத்திரியோ?" மச்சாளின் குரல் குசினி வரைக்கும் கேட்டது. "எங்கட பக்கத்தில மூக்கொழுகிற தடிமனுக்கே ரத்தம் எடுப்பினம். மூண்டு பேரும் போய்க் குடுங்கோ. மூண்டு பேரும் அந்த வறையைத்தானே சாப்பிட்டனீங்கள்?"

வறையால் உண்ணி நோய் வராது மச்சாள் என்று சொல்ல வாயெடுத்தேன். மச்சாளுக்கு முன்னால் வாயெடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. அடுத்த சனிக்கிழமை ரயிலேறி வந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு சூரிச்சுக்குப் போனா. காசு கட்டினால் டொக்டரின் கடிதத் துண்டு இல்லாமலே இரத்தம் பார்த்துக் கொடுக்கும் இடம் அது. இரத்தம் எடுத்த பெண் பிள்ளை என் மனுஷனிடம் எப்போது கடித்தது என்று கேட்டாள். சொன்னார். இது கொஞ்சம் முந்திப் பார்ப்பது, முடிவு எப்படி வந்தாலும் உங்கள் டொக்டரோடு கதையுங்கள் என்றாள் அவள். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெருமையோடு தலையாட்டினார். நீங்களும் குடுங்கோவன் மச்சாள் என்றேன். "ஐயோ, எனக்கு ஊசி பயம்" என்று சொல்லிக் கதவுக்கு வெளியே போய்விட்டா.

முடிவு என் மனுஷனின் கைபேசிக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்றார்.

"பெருமதிப்பிற்குரிய குடும்பத்தினரே! உங்கள் அப்பாவின் இரத்தத்தில் ஒன்றுமில்லை! மகளின் இரத்தத்தில் ஒன்றுமில்லை!" அதற்கு மேல் குரல் இறங்கிவிட்டது. கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இஞ்சாரும்... உமக்குக் கிடக்கு."

"எனக்கென்ன கோதாரி கிடக்கு? காலமை முழுக்க வயசுபோன ஆக்களைத் தூக்கிக் குளிக்கவார்த்துப்போட்டு வாறன். ஒரு தும்மல்கூட இல்லை."

"ரத்தம் பொய் சொல்லாது."

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் காட்டுக்கு அந்தப் பக்கம். வருஷக்கணக்காக ஒற்றையடிப் பாதையால் நடந்துதான் போய் வருகிறேன். எத்தனையோ உண்ணியை இடுக்கியால் பிடுங்கி எறிந்திருக்கிறேன். டொக்டரிடம் போய்க் கேட்போம் என்றேன். "அவவோ? அவ ரத்தமே எடுக்காத ஆள்" என்று சொல்லிவிட்டு, அலுமாரியைத் திறந்து தன் குளிசைப் பெட்டியைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். மறந்து மறந்து அவர் குடித்தது ஒரு சில. மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு வந்திட்டுது. உமக்கு வந்திட்டுது. நல்ல குளிசையை ஏன் வீணாக்குவான்?"

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் நடக்கும். எங்கள் வீடுகளில் குளிசை என்பது பொதுச் சொத்து. பல்லுக்கு எழுதித் தந்தது முதுகுக்குப் போகும். அம்மாவின் பிரஷர் குளிசையைச் சித்தி ருசி பார்ப்பா. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நானும் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினேன். மகள் மட்டும், "அம்மா, இது அப்பாவின்ர பேரில எழுதினது" என்று கத்தினாள். "அப்பாவும் அம்மாவும் வேறயோ பிள்ளை?" என்று மச்சாள் லோசானிலிருந்தபடியே அவள் வாயை அடைத்தா.

அதற்குப் பிறகு நான் நோயாளி. என் மனுஷன் தொலைபேசியில் ஊருலகத்துக்கெல்லாம் என்னை அறிவித்தார். ஆட்கள் சூப்போடு வந்தார்கள். ஒருத்தி சீனி தொடாதே என்றாள், மற்றவள் பால் தொடாதே என்றாள், மூன்றாமவள் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்து, அதை நீதான் நிறைவேற்ற வேண்டும் என்றாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்து, "ஓம், களைச்சுத்தான் போனா" என்றார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் களைத்துத்தான் இருக்கிறேன், அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை வேண்டியிருந்தது. ஆனால் பொய் சொல்லமாட்டேன், அந்த மனுஷன் எனக்காகச் சமைத்தார், கூட்டினார், உடுப்புத் தோய்த்தார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து கிடைக்காத சொர்க்கத்தை யார் டொக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? குளிசை மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றைப் பிரட்டியது. வெயிலில் கொஞ்சம் நின்றதற்கு மூக்கு வெந்து தோலுரிந்தது. "பாத்தீரோ, வருத்தம் வெளியால வருது" என்றார் அவர்.

அவருடைய வளையமோ தானாகவே மங்கி மறைந்தது. "நான் சொன்னன், படர்தாமரை எண்டு" என்று காலைத் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இங்கே குடி கேட்டது, கேட்டது முழுக்க மச்சாளின் சொல்.

கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையைத் திட்டினார். "இது ஓட்டைக் கோப்பை. சட்டையெல்லாம் ஊத்துது." நான் அடுப்படியில் இருந்தபடியே, "கோப்பை ஓட்டையில்லை, உங்கட வாய்தான் ஓட்டை" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தேத்தண்ணி அவருடைய வாயின் இடது பக்கத்தால்தான் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து உதடு தொங்கிப்போய்க் கிடந்தது. இடது கண் மூட மறுத்தது. "இஞ்சாருங்கோ, சிரியுங்கோ பாப்பம்" என்றேன். ஒரு பக்கம்தான் சிரித்தது.

பாரிசவாதம் என்று நினைத்து அலறிக்கொண்டு அவசர வண்டியைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், தலையைப் படமெடுத்தார்கள். வாதம் இல்லை. உண்ணி கடித்ததா என்று கேட்டார்கள். அங்கிருந்து எங்கள் டொக்டருக்கு அழைத்துக் கதைத்தார்கள். ஊசி கேட்ட மனுஷனுக்கு இந்த முறை கையிலும் குத்தி, முதுகுத்தண்டிலும் குத்தினார்கள்.

அடுத்த கிழமை எங்கள் டொக்டருக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். லைம் நோய்க் கிருமி முகத்து நரம்பைப் பிடித்துவிட்டது என்றார். இப்போது இரத்தமும் காட்டுகிறது என்றார். "ஆனால் இரத்தம் சொல்ல முதல் முகமே சொல்லிவிட்டது." பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நான் தந்த குளிசையை முழுதாக முடித்தீர்களா?"

என் மனுஷன் மெதுவாக விரலைத் தூக்கி என்னைக் காட்டினார். மகள்தான் மொழிபெயர்த்தாள். "அதை அம்மா முடித்துவிட்டா."

டொக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மகள் முதலில் சிரித்தாள். அதே மூச்சில் அழத் தொடங்கிவிட்டாள். முழுக் கதையையும் நான் சொன்னேன். டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒன்றுமில்லை டொக்டர். கோபம் மட்டும்தான்."

"அதற்கு என்னிடம் குளிசை இல்லை. உங்கள் இரத்தத்தில் இருப்பது பழைய அடையாளம். எப்போதோ ஓர் உண்ணி கடித்திருக்கும், உங்கள் உடம்பே அதை வென்றிருக்கும். அந்தப் பொருள் வருஷக்கணக்காக இரத்தத்தில் கிடக்கும். இந்தப் பக்கத்தில் சுகமாகத் திரியும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். பரிசோதனை உங்களுக்கும் பொய் சொல்லவில்லை, அவருக்கும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் தப்பான கேள்வி கேட்டீர்கள்."

எனக்கு ஊர் நாய்களின் ஞாபகம் வந்தது. அவர் வளவுக்குள் கள்ளன் அப்போதுதான் இறங்கியிருந்தான், நாய் இன்னும் எழும்பவில்லை. என் வளவில் கள்ளன் போய் எத்தனையோ காலம், நாய் இன்னும் குரைத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் நாயின் சத்தத்தைக் கேட்டு, பூட்டை வளவு மாறிப் போட்டிருக்கிறோம்.

புதிய குளிசையை இந்த முறை மகள் தானே எண்ணி, தானே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கண்ணுக்கு மருந்து, படுக்கும்போது கண்ணை மூடி ஒட்டப் பிளாஸ்டர். முகம் திரும்பிவரும், ஆனால் கிழமைகளோ மாதங்களோ பிடிக்கும் என்றார் டொக்டர். கல்யாணத்துக்கு முன்னம் வருமா என்று என் மனுஷன் கேட்கவேயில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும்" என்று சொல்லிப் பார்ப்பார். உதடு மூடாமல் ப எழுத்தெல்லாம் காற்றாகப் போகும். அவர் சேர்த்து வைத்த வசனத்தில் முக்கால்வாசி ப எழுத்துத்தான். ஒருநாள் கண்ணாடியை விட்டு விலகி வந்து, "அவளின்ர சிநேகிதியே சொல்லட்டும்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அறுவான் உண்ணி, கடிக்க வேறு இடம் கிடைக்கவில்லையா?

குளிசை முடிந்த கையோடு மச்சாள் அழைத்தா. "இனியொருக்கா ரத்தம் பாத்து, வருத்தம் போட்டுதோ எண்டு உறுதிப்படுத்துவம்."

டொக்டரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். நோய் மாறிச் சுகமான பிறகும் அந்தப் பொருள் இரத்தத்தில் இருக்கும், மாறியதா என்று அது சொல்லாது, அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். அதை மச்சாளிடம் சொன்னேன். அவ மறுமொழி சொல்ல முன்னம் என் மனுஷன் தொலைபேசியை வாங்கினார்.

"அக்கா, இனி என்ர ரத்தத்தைக் கேக்காதேங்கோ. என்ர வாயைக் கேளுங்கோ." 'ரத்தம்' என்ற சொல் தெளிவாக வந்தது. 'வாய்' என்ற சொல் மட்டும் காற்றாகப் போனது. மச்சாள் கல்யாணச் சேலைக் கதைக்கு மாறிவிட்டா.

கல்யாணத்தன்று அவர் மகள் சொன்ன இடத்தில், வாசலில் நின்றார். பட்டு வேட்டி, சால்வை, பாதி முகம். மூடாத இடது கண்ணால் தண்ணீர் ஓயாமல் ஓடியது. நான் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்று துடைத்துத் துடைத்து விட்டேன். வருகிற ஆட்களெல்லாம், "பொம்பிளையின்ர தேப்பன் இப்பவே அழத் துடங்கிட்டார்" என்று தோளில் தட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். "அழேல்லை. இது வருத்தம்."

மகளின் சிநேகிதி நன்றாகத்தான் செய்தாள். இரண்டு மொழியிலும் சொன்னாள், கெதியாகச் சொன்னாள். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. சனத்துக்குத்தான் அது பிடிபடவில்லை. சாய்ந்து உட்கார நேரமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் சிநேகிதி சாப்பாட்டுக்கு அழைக்க வாயெடுத்தாள். மகள் மணவறையிலிருந்து எழும்பிப் போய் அவள் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மண்டபத்தின் நடுவால் நடந்து வந்து, அதைத் தகப்பனின் கையில் வைத்தாள்.

"சொல்லுங்கோ அப்பா. கெதியா வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கையால் மைக்கைப் பிடித்தார். மற்றக் கை விரலால் தொங்கிய உதட்டைத் தூக்கிப் பிடித்தார். "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் பாசத்திற்கும் உரிய" என்று தொடங்கினார். ஒவ்வொரு ப எழுத்தும் காற்றாகப் போனது. ஒவ்வொன்றையும் திரும்பப் பிடித்துக் கொண்டுவந்து சொன்னார். சோறு ஆறியது. மண்டபத்தில் ஒரு கதிரைகூட அசையவில்லை. "என்ர பிள்ளை" என்ற இடத்துக்கு வந்ததும் அவருக்கு அதற்கு மேல் போக முடியவில்லை.

பழக்கதோஷத்தில் கைக்குட்டையைத் தூக்கி அவருடைய இடது கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், வலது கண்ணாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு வருத்தம் இல்லை. அதை நான் துடைக்கவில்லை.